முதுகுக் கறி

நிகாந்தரின் ஈட்டி எதிரிப்படை நெட்டையன் ஒருவனின் தாடைக்குக் கீழே புகுந்து பிடரி வழியாக வெளியே வந்தது. உடைந்த பல் என் முகத்தில் தெறித்தது. நிகாந்தருக்கு ரதம் ஓட்டுகிறவன் நான். என்னைவிடப் பக்கத்தில் நின்று பார்த்தவன் எவனும் இல்லை.

"அண்ணே, கவசத்த உருவிட்டுப் போயிரலாம். விட்டா எவனாவது அடிச்சுட்டுப் போயிருவான்."

"குனிஞ்சா முதுகுல வாங்கணும்டா. அந்தா இன்னொருத்தன் வர்றான், ஓட்டு!"

ஓட்டினேன். பின்னால் வந்த எங்கள் படையாள் கல்லியாஸ், செத்த பாம்பை அடிக்கிற வீரன், நிதானமாக உட்கார்ந்து நெட்டையனின் வெண்கலக் கவசத்தைக் கழற்றிக்கொண்டான்.

மாலை விருந்தில் தலைவன் மாட்டின் முதுகுக் கறியை நீளமாக அறுத்தெடுத்தான். அன்றைக்குப் பெரிய தலையைச் சாய்த்தவனுக்குத்தான் அது போகும். கல்லியாஸின் முன்னால் வைத்தான்.

நிகாந்தர் மேசையை எட்டி உதைத்தான். "அது என் கறி! இவன் பொணத்துக்கிட்ட திருடுன பய!"

"கவசம் யாரு கையில இருக்கோ அவன்தான் கொன்னவன்," என்றான் தலைவன். "எங்கப்பன் காலத்துலருந்து அதான் பேச்சு. உன் கையில என்ன இருக்கு, காட்டு பாப்போம்."

கூடமே சிரித்தது. நிகாந்தர் வாளை உருவ, நான் குறுக்கே விழுந்து பிடித்தேன். என் உள்ளங்கை கிழிந்ததுதான் மிச்சம்.

மறுநாள் கல்லியாஸ் அந்தக் கவசத்தையே மாட்டிக்கொண்டு வந்து மினுக்கினான். செத்தவனின் தம்பி கிலியோன் எதிர்வரிசையிலிருந்து அதைப் பார்த்துவிட்டான்.

"டேய், எங்கண்ணனக் கொன்னது நீயா?"

இரண்டு படையும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றன. 'இல்லை' என்று சொன்னால் கறி தின்ற வாய் நாறிப்போகும்.

"நான்தான்டா! கன்னுக்குட்டியாட்டம் கத்துனான் உங்கண்ணன்!" என்றான் கல்லியாஸ்.

தினமும் அண்ணனுக்கு அந்தக் கவசத்தின் வாரைக் கட்டிவிட்டவன் கிலியோன். இடது அக்குளில் தகடு சேராத இடம் அவனுக்குத் தெரியும். ஈட்டியை அங்கேயே இறக்கினான். கல்லியாஸ் ரத்தம் கக்கிச் சாய்ந்தான்.

நிகாந்தர் ரதத்திலிருந்து குதித்தான். கிலியோனின் வயிற்றில் குத்தித் திருகி, குடலோடு ஈட்டியை இழுத்தான். பிறகு அவனுடைய கவசத்தைக் கழற்றக் குனிந்தான்.

"அண்ணே, வேணாம்! விட்டுட்டு வா!"

"வெறுங்கையோட போனா மறுபடியும் சிரிப்பானுங்கடா."

வாரின் முடிச்சு ரத்தத்தில் ஊறி இறுகியிருந்தது. அவன் அதைப் பல்லால் கடித்து அவிழ்த்து முடிக்கும்போது, எதிர்வரிசையிலிருந்து வந்த ஈட்டி அவன் முதுகில் பாய்ந்து மார்பில் முளைத்தது.

அவனையும், அவன் பிடி விடாத கவசத்தையும் நான்தான் ரதத்தில் அள்ளிப்போட்டு வந்தேன்.

அன்று மாலை தலைவன் முதுகுக் கறியை அறுத்து என் முன்னால் வைத்தான்.

"நான் கொல்லல. நிகாந்தர் கொன்னான்."

"கவசம் உன்கிட்டதான இருக்கு? தின்னு."

யாரும் சிரிக்கவில்லை. கறியையும் கவசத்தையும் தூக்கிக்கொண்டு வெளியே போய் நிகாந்தரின் சிதையில் போட்டேன். கொழுப்பு பிடித்துத் தீ நன்றாகவே எரிந்தது.