யெஸ் சார்

கப்பலில் கக்கூஸ் கழுவ நான் லாயக்கில்லை என்று இரண்டு முறை சொல்லிவிட்டார்கள். வெள்ளிமலையில் ஒரு லாட்ஜில் ஆறு வருஷமாக நான் செய்துகொண்டிருப்பது அந்த வேலையைத்தான். சனி ஞாயிறானால் அருவி பார்க்க வருகிறவர்கள் குடித்துவிட்டு வாந்தி எடுத்த தரையைப் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்க்கிறேன். அதையே நடுக்கடலில் செய்கிறேன் என்றால் மட்டும் 'வருந்துகிறோம்' என்று ஒற்றை வரியில் மெயில் வருகிறது. யாருக்குத்தான் கோபம் வராது?

என் பெயர் தேவிப்ரியா. சொந்த ஊர் மலைக்குக் கீழே கச்சிராயபாளையம். அப்பா ஆதிமூலம் குத்தகை நிலத்தில் கரும்பு போடுகிறவர். அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. கேட்டரிங் டிப்ளமோ படித்தபோது, பயணிகள் கப்பல் ஒன்றின் வீடியோவை வகுப்பில் போட்டுக் காட்டினார்கள். அதில் அறை சுத்தம் செய்யும் பெண்களுக்கு இஸ்திரி போட்ட சீருடை, நெஞ்சில் பெயர்ப்பட்டை. லாட்ஜில் எனக்குப் பெயரே கிடையாது. 'ஏம்மா, அந்த ஏழாம் நம்பர் ரூமக் கூட்டிவுடு' என்பதோடு சரி. பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடத்தில் வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

ஆள் எடுக்கும் ஏஜென்சி சென்னையில் இருந்தது. ஒருவருக்கு மூன்று நேர்காணல்தான், மூன்றிலும் தவறினால் பெயரை எடுத்துவிடுவார்கள். எல்லாம் போனில் முகம் பார்த்துப் பேசுவதுதான். மலையில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும் என்பதால், இரண்டு முறையும் லீவு சொல்லி, கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வீட்டுக்கு இறங்கி வந்தேன். கடன் வாங்கிய கோட்டுக்குள் வேர்த்து ஊற்ற, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். கேட்ட கேள்விக்கெல்லாம் சிரித்த முகமாக 'யெஸ் சார்' என்றேன். தயங்கினால் போச்சு, டக்கென்று யெஸ் சார் சொல்ல வேண்டும் என்பதுதான் எங்கள் கல்லூரியில் சொல்லிக்கொடுத்த ஒரே வித்தை.

முதல் முறை கைவிட்டுப் போனபோது ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். அத்தை என் நிறத்தைக் குறை சொன்னாள். அப்பா நேரம் சரியில்லை என்றார். லாட்ஜ் சமையல்காரர் பச்சமுத்து அண்ணன், இங்கிலீஷ் போதாது பாப்பா என்றார். அதைத்தான் நானும் நம்பினேன். எட்டு மாதம் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, அறை கூட்டும்போதெல்லாம் இங்கிலீஷ் பாடம் கேட்டேன். இரண்டாவது முறை எந்தக் கேள்வியையும் திருப்பிக் கேட்காமல் பேசினேன். அதற்கும் அதே ஒற்றை வரி மெயில்.

மூன்றாவது முறைக்குத் தேதி வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி நேராகச் சென்னைக்கே போய்விட்டேன். ஏஜென்சியில் முன்மேஜையில் இருந்த பெண்ணின் பெயர் இசைவாணி. அப்படியெல்லாம் காரணம் சொல்லும் வழக்கம் இல்லை என்று முதலில் விரட்டினாள். நான் நகரவில்லை. அடுத்து வந்தவர்கள் எல்லாரும் போன பிறகும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் தேடி, என் பெயருக்கு நேரே எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னாள். கழிவறை கழுவச் சம்மதம் இல்லை. வார விடுமுறை இல்லாமல் வேலை செய்யச் சம்மதம் இல்லை. மாட்டிறைச்சித் தட்டு எடுக்க ஆட்சேபம் உண்டு.

அடுத்த வரியை அவளைப் படிக்க விடவில்லை. நான் அப்படிச் சொல்லவே இல்லை, எல்லாவற்றுக்கும் யெஸ் என்றுதானே சொன்னேன் என்று கத்தினேன். கேள்வி எப்படிக் கேட்டார்கள் என்று அவள் கேட்டாள். யோசித்துச் சொன்னேன். 'யூ டோன்ட் மைண்ட் கிளீனிங் டாய்லெட்ஸ்?' என்றார், நான் 'யெஸ் சார்' என்றேன். அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

நம் ஊரில், 'உனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லியே?' என்று கேட்டால் 'ஆமாங்க' என்போம். நீங்கள் சொல்வது சரி, ஆட்சேபணை இல்லை என்று அர்த்தம். கேட்டவரும் திருப்தியாகப் போய்விடுவார். இங்கிலீஷில் அதற்கு 'யெஸ்' என்றால், ஆமாம், ஆட்சேபணை இருக்கிறது என்று அர்த்தமாம். 'நோ' என்றுதான் சொல்ல வேண்டுமாம். கக்கூஸ் கழுவ மாட்டேன், லீவு இல்லாவிட்டால் வர மாட்டேன், தட்டைத் தொட மாட்டேன் என்று, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார்கள். இலக்கணப் பிழையாயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். எட்டு மாதம் கேட்ட பாடத்தில் ஒருத்தனாவது இதைச் சொன்னானா?

மலைக்குத் திரும்பியதும் பச்சமுத்து அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லி, நாள் முழுக்க என்னிடம் 'இல்லையா', 'மாட்டாயா' என்றே கேட்கச் சொன்னேன். இன்னும் சாப்பிடலியா என்பார். நோ என்பேன். தண்ணி வரலியா என்பார். நோ. நாக்கு 'ஆமா' என்றுதான் புரளும், அதை மடக்கி உள்ளே தள்ள வேண்டும். இந்தப் பழக்கத்தில் முதலாளி தீனதயாளனிடமும் மாட்டினேன். இந்த மாசம் மறுபடி லீவு போட மாட்டியே என்று கேட்டார், நோ சார் என்றேன். போடுவியா மாட்டியா, ஒழுங்காகத் தமிழில் சொல் என்று எரிந்து விழுந்தார். போடுவேன் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது, நேர்காணல் அடுத்த வாரம்.

நேர்காணல் அன்று மத்தியானம் மூன்று மணிக்கு வீட்டு உள்ளறையில் போனை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன். அப்பா வாசற்படியில் மோட்டார் ஓஸ் பைப்பில் கிழிந்த இடத்தில் டயர் டியூப் சுற்றிக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் காது இங்கேதான் இருந்தது. போனில் வந்தவர் வடக்கத்திக்காரர், மூன்று முறையும் அவரேதான். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஓர் அலுப்பு தெரிந்தது.

கழிவறை கழுவ ஆட்சேபம் இல்லையே என்றார். நோ சார் என்றேன். வார விடுமுறை இல்லாவிட்டால் கஷ்டம் இல்லையே. நோ சார். மாட்டிறைச்சி. நோ சார். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து எதையோ எழுதினார். இந்த முறை விடக்கூடாது, ஒவ்வொரு கேள்வியையும் முழுசாகக் கேட்டு, தமிழில் திருப்பி, எந்த வார்த்தை என்று பார்த்துத்தான் வாயைத் திறந்தேன்.

அடுத்து ஒன்று கேட்டார். அதைத் தமிழில் திருப்பினேன். எட்டு மாத ஒப்பந்தம், நடுவில் வீட்டில் யாராவது இறந்துபோனாலும் ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்க மாட்டாயே?

முந்தைய இரண்டு தடவையும் இந்தக் கேள்வி வந்திருக்கத்தான் வேண்டும். யெஸ் சார் என்று ஓட்டமாக ஓடிப் போயிருப்பேன், அது என்ன கேள்வி என்றே பார்த்திருக்க மாட்டேன். இப்போது பார்த்துவிட்டேன். வீட்டில் யாராவது என்றால் யார்? எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஆள். அந்த ஆள் வாசலில் வாயால் டியூபைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கேள்வி கேட்டவர் இரண்டு முறை 'ஹலோ, ஹலோ' என்றார், சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பார். சிக்னல் நன்றாகவே இருந்தது.

"நோ சார்," என்றேன்.

வாழ்த்துகள் என்றார் அவர். ஆனி மாதத் தொடக்கத்தில் மும்பையில் ஏற வேண்டும், மெடிக்கல் முடிந்ததும் தாள்கள் வரும் என்றார். போனை வைத்தேன். சந்தோஷம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. இதற்காக மூன்று வருஷம் அலைந்தவளுக்கு இந்த நேரத்தில் எரிச்சல்தான் வந்தது. கேள்வி கேட்டவர்மேலா, இங்கிலீஷ்மேலா, என்மேலா என்று தெரியவில்லை.

அப்பா உள்ளே வந்தார். கிடைத்துவிட்டது என்றேன். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு கேட்டார்.

"நடுவுல ஒண்ணு கேட்டான், நீ வாயே தொறக்கல. அது இன்னா?"

சும்மா, வேலையைப் பற்றி என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

"அதுக்கா அவ்ளோ நேரம் யோசிச்சிகினு இருந்த? வேல போயிருந்தா இன்னா பண்ணுவ? டக்குனு சொல்ல வேணாமா?"

அவர் திட்டினார். மெய்யாகவே திட்டினார், கைக்கு வந்ததைத் தவறவிடப் பார்த்தேன் என்று. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

"ரெண்டு வாட்டி டக்குனுதாம்பா சொன்னேன்," என்றேன்.

அவருக்கு அது புரிந்ததா என்று தெரியாது. சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியின் பக்கம் போய், விரலை மடக்கி, ஆனி ஆடி ஆவணி என்று முணுமுணுத்தார். நடுவில் ஒரு மாதம் விட்டுப்போக, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"மாசி பொறந்தா வூட்டுக்கு வந்துடுவ," என்றார். "மாசி வரிக்கும் நான் சாவாம இருக்கறேன். நீ போய்ட்டு வா."

சொல்லிவிட்டு ஓஸ் பைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போனார். மோட்டாருக்கு மத்தியானக் கரண்ட் நான்கு மணி வரைக்கும்தான்.