திருப்பிச் சுடாத கப்பல்கள்

என் தம்பி ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்புகிறான். தூர தேசம், மூன்று வருட ஒப்பந்தம், நடுவில் லீவு கிடையாது. அவனுக்கும் என் வீட்டுக்காரருக்கும் பேச்சுவார்த்தை நின்று ஒரு மாதம் ஆகப்போகிறது. அவன் வண்டி ஏறுவதற்குள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். இப்போது விட்டால் அது இறுகிப் போகும். அப்புறம் அவன் திரும்பி வந்தாலும், இவர் இருக்கும்போது அவன் வரமாட்டான், அவன் வந்தால் இவர் மொட்டை மாடிக்குப் போய்விடுவார். நடுவில் கிடந்து அல்லாடப் போகிறவள் நான்தான்.

இவர் லிஃப்ட் மெக்கானிக். தம்பியைத் தன் கம்பெனியில் சேர்த்துவிட்டதும் இவர்தான். அவன் யாரிடமும் மூச்சு விடாமல் வேறு வேலைக்கு முயற்சி செய்திருக்கிறான். கிடைத்துவிட்டது. எங்களிடம் எப்படிச் சொல்வது என்று அவன் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் சூப்பர்வைசர் முந்திக்கொண்டார். "உன் மச்சான் கிளம்புறானாமே, உன்கிட்ட சொல்லலையா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். இவருக்கு முகம் செத்துப்போய்விட்டது. அன்று சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்தபோது, செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையாடா?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா மாமா? நான் என்ன உங்க டூல் பேக்ல கிடக்குற ஸ்பேனரா, நீங்க எடுக்குறப்ப வர்றதுக்கு?"

"போ. இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

அவன் படியில் இறங்கிப் போய்விட்டான். நான் போட்ட டீயை நானே குடித்தேன்.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு விளையாட்டு இருந்தது. போனில் ஆடுவது. கடல், அதில் தீவுகள், ஆளுக்கொரு நிறத்தில் கப்பல்கள். ஒவ்வொருவரும் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் காய் நகர்த்தலாம். இவர் நீலம், தம்பி பச்சை, சிவப்பு கம்ப்யூட்டர். இவரும் அவனும் நட்பு அணி, சிவப்பு இரண்டு பேருக்கும் எதிரி. சண்டைக்கு மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே போனைப் பார்த்தவர் அப்படியே நின்றார். 'பச்சை அணியை இனி கணினி நடத்தும்' என்று வந்திருந்தது. தம்பி விளையாட்டை விட்டு வெளியேறிவிட்டான் என்று அர்த்தம்.

"பார்த்தியா உன் தம்பி வேலையை," என்றார். வாயில் நுரையோடே, 'நட்பு' என்ற இடத்தில் இருந்த தன் டிக்கையும் எடுத்துவிட்டார். பச்சை இனி எதிரி. எத்தனையோ வீட்டில் நிலத்தைப் பிரிப்பார்கள், எங்கள் வீட்டில் கடலைப் பிரித்தார்கள்.

அதோடு போயிருந்தால் நிம்மதி. பச்சை ஒழுங்காக ஆடவில்லை, அதுதான் தொல்லை.

கம்ப்யூட்டர் எப்படி ஆடும் என்று இவருக்கு அத்துப்படி. யார் எங்கே இளைத்திருக்கிறார்களோ அங்கே வந்து அடிக்கும். சிவப்பு அப்படித்தான் செய்யும். பச்சையும் அப்படியே வரும் என்று இவர் காத்திருந்தார். வரவில்லை. பச்சைக் கப்பல்கள் வரிசையாகக் கிளம்பி, இவருடைய வடக்குத் துறைமுகத்தின் வாயிலில் வந்து சும்மா நின்றன. இவர் ஒன்றைச் சுட்டார். திருப்பிச் சுடவில்லை. அது மூழ்கியது. இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் இன்னொன்று வந்து நின்றது. அதையும் சுட்டார். மறுபடி ஒன்று.

"இது கம்ப்யூட்டர் இல்ல," என்றார் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு. "எந்தக் கம்ப்யூட்டரும் இப்படிச் சுட்டா நிக்காது. அவன்தான் வேற எங்கேயோ உக்காந்துட்டு ஆடுறான். என்னைச் சீண்டிப் பார்க்குறான்."

"அவனையே கேளுங்களேன்."

"நான் எதுக்குக் கேக்கணும்?"

மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குளிக்கப் போகும்போது போன், குழம்பு ஊற்றும்போது போன். வேலையில் ஒரு லிஃப்டின் மேல் நின்றுகொண்டு பார்த்ததாகச் சொன்னார். இரண்டு முறை கூப்பிட்டால் ஒருமுறைதான் காதில் விழும். உட்கார்ந்த இடத்தில் முழங்காலை ஆட்டி ஆட்டி மேசையே அதிரும். அந்த ஆட்டம் எனக்கும் தொற்றிக்கொண்டது. நான் மருந்துக் கடையில் பில் போடுகிறவள். டாக்டர்களுடைய கையெழுத்தையே படித்துவிடுவேன். இந்த இரண்டு பேர் மனசில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் விளங்கவில்லை.

பொறுக்க முடியாமல் கடையிலிருந்தே தம்பிக்குப் போன் போட்டேன். "நீ இன்னும் அந்தக் கப்பல் விளையாட்டை ஆடுறியா?"

"அதெல்லாம் போன்லேர்ந்து எடுத்தாச்சுக்கா. அவர் பேரைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது."

வீட்டில் வந்து சொன்னேன். பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும். இவர் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். வந்தது ஏமாற்றம். சீண்டுவதற்காகவாவது அவன் அங்கே இருக்கிறான் என்று இந்த மனுஷன் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அதைப் பார்த்ததும் எனக்கே பாவமாகிவிட்டது.

"அப்போ கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு," என்று சொல்லிவிட்டு, இருந்த கப்பல்களையெல்லாம் வடக்கே கொண்டுபோய்ப் பச்சையை ஒரேயடியாக ஒழிக்க ஆரம்பித்தார். நின்ற கப்பல்களை அடித்து முடித்துவிட்டு, அவை வருகிற வழிக்கே போய்க் கப்பல் கட்டுகிற இடத்தையும் கொளுத்தினார். அதற்கப்புறம் பச்சை வரவில்லை.

மூன்றாம் நாள் சிவப்பு வந்தது. இவர் கப்பலெல்லாம் பச்சைத் தீவில் இருக்க, காவலே இல்லாத வடக்குத் துறைமுகத்தை ஒரே நகர்த்தலில் பிடித்துக்கொண்டது.

"இத்தனை நாளா இது ஏன் வரல?" என்று என்னைக் கேட்டார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்கென்ன தெரியும்? நாளன்னைக்கு ஒருத்தன் ஊரை விட்டே போறான், நீங்க துறைமுகத்துக்கு அழுதுட்டு இருக்கீங்க," என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் தம்பிக்கு எங்கள் பெரிய பெட்டியைக் கொடுக்கப் போக வேண்டியிருந்தது. பைக்கில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால். "கீழயே நிப்பேன், மேல வரமாட்டேன்," என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டார். பாதி வழியில் அவருக்குப் போன் வந்தது. பக்கத்துத் தெரு அடுக்குமாடி. லிஃப்ட் தானாகவே ஐந்தாம் மாடிக்குப் போய்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறதாம்.

போனோம். வாசலில் ஒரு பெரியவர் காத்திருந்தார். "ஏற யாருமே நிக்காத மாடிக்குப் போய் நிக்குதுப்பா. என் மனைவி அதுல ஏறவே பயப்படுறா. இதுக்கு ஏதோ புத்தி பேதலிச்சுப் போச்சு."

இவர் கதவை ஆராய்ந்தார், பட்டனை ஆராய்ந்தார், மேலே போய்விட்டு வந்தார். "ஒண்ணும் இல்ல சார். அஞ்சாவது மாடியில டியூஷன் நடக்குது. கிளாஸ் விட்டதும் பசங்க பட்டனை அமுக்குறாங்க, பொறுமை இல்லாம படியில ஓடிடுறாங்க. லிஃப்டுக்கு என்ன தெரியும்? ஒருத்தர் சொல்லிட்டுப் போயிட்டா, அவர் போனது அதுக்குத் தெரியாது. சொன்னதைச் செஞ்சிட்டே இரு…"

வாக்கியத்தை முடிக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பெரியவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

தம்பி குடியிருக்கும் கட்டடத்தின் கீழே பைக்கை நிறுத்தியபின், என்னைப் பார்க்காமல் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்கு என்கிட்ட கத்திட்டுப் போனானே. போனப்புறம், விளையாட்டை எடுக்குறதுக்கு முன்னாடி, ஏதாவது ஆடினானான்னு கேளு. நான் கேட்டேன்னு சொல்லாத."

நாலாம் மாடியில் தம்பியின் அறை லிஃப்டுக்கு நேர் எதிரே. துணியெல்லாம் கட்டிலில் குவிந்திருந்தது. பெட்டியைக் கீழே வைத்ததும் முதல் வேலையாக அதைத்தான் கேட்டேன். சட்டையை மடித்துக்கொண்டிருந்தவன் கை நின்றது.

"பஸ்ல போறப்ப ஒரே ஒரு தடவை ஆடினேன். மாமாவுக்குக் கோபம் வந்தா எதையும் கவனிக்க மாட்டாரு, உனக்குத் தெரியாதா? வடக்குப் பக்கம் அப்போ காலியா கிடந்துச்சு. சிவப்பு வந்து பிடிச்சிடும்னு, என்கிட்ட இருந்த கப்பல் எல்லாத்தையும் அங்க காவலுக்குப் போகச் சொல்லிட்டேன். புதுசா கட்டுறதும் அங்கேயே போகணும்னு போட்டுட்டேன். அப்புறம்தான் எடுத்தேன்."

"அவரு சுட்டாரு. ஏன் திருப்பிச் சுடல?"

"நான் நட்பை எடுக்கலையேக்கா," என்றான். பிறகு சட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "கப்பல் எல்லாம் இருக்கா?"

பொய் சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. "ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் உங்க மாமா மூழ்கடிச்சிட்டாரு."

அவன் மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தான். அழுதுவிடுவான் போலிருந்தது. "நான் வரேன்டா, அவர் கீழ நிக்கிறாரு," என்றேன்.

"மேல வரமாட்டாராமா?"

"கேட்டேன், மாட்டேன்னுட்டாரு."

வாசல் வரை வந்தான். நான் லிஃப்ட் பட்டனை நோக்கிக் கையை நீட்டும் முன்பே மேலே எண்கள் மாற ஆரம்பித்திருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. எங்கள் முன்னால் வந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை.

தம்பி எட்டிப் பார்த்தான். கதவு மூடப் போனதும் கையை நீட்டித் தடுத்தான். அவனும் கொஞ்ச காலம் அதே வேலை பார்த்தவன்தானே.

"நீ பட்டனை அமுக்கினியாக்கா?"

"இல்லடா."

"நானும் அமுக்கல. அப்போ கீழ யாரோ உள்ள ஏறி, நாலை அமுக்கிட்டு, வெளிய இறங்கிட்டாங்க."

ஏறியிருக்கிறார். மாடி எண்ணை அமுக்கியிருக்கிறார். அதற்கு மேல் முடியவில்லை. லிஃப்ட் மட்டும் சொன்னதைக் கேட்டு வந்துவிட்டது.

தம்பி கதவைப் பிடித்தபடி நின்றான். அது மூட முயன்று, அவன் கையில் பட்டுத் திறந்து, மறுபடி மூட முயன்று கொண்டிருந்தது. போடா, போய்விடேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று பயம்.

வெறுங்காலோடு உள்ளே போனான். "நீ வரியாக்கா?"

"நீ போ. நான் படியில வரேன்."

கதவு மூடியது. நான் ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று இறங்கினேன். முதல் மாடி வரும்போது கீழேயிருந்து இவர் குரல் கேட்டது.

"உன் தீவுல ஒத்தக் கப்பல் வெச்சிக்காம எல்லாத்தையும் எவனாவது அனுப்புவானாடா? மூளை இருக்கா உனக்கு? செருப்பு எங்க? நாளைக்குப் போறவன் காலைக் கிழிச்சிக்கப் போற."

அதைக் கேட்டதும் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். வேண்டாதவர்களை அவர் திட்டமாட்டார், பேசாமல் இருந்துவிடுவார்.