ஒன்றரைக் கட்டை கீழே

தைராய்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மஹதிக்குக் குரல் திரும்பியது. மேல் ஸ்தாயி மட்டும் திரும்பவில்லை. பேசலாம், வேலைக்குப் போகலாம், பாட முடியாது. ஆக்லாந்தின் புறநகரான தகனினியில், கிதார் வாசிக்கும் யசீகரனின் கராஜில் சனிக்கிழமைதோறும் கூடும் பாட்டுக்குழுவுக்கு அவள் போய்ப் பத்து மாதமாகிவிட்டது.

அந்தக் குழு பாடியதெல்லாம் 'சால்ட் ஃபெர்ரி' என்ற அமெரிக்க ராக் குழுவின் பாட்டுகள். முப்பத்தைந்து வருடமாக வாசிக்கிறவர்கள். கோயம்புத்தூர் விடுதியில் அவர்களுடைய முதல் மூன்று ஆல்பங்களையும் மஹதி ஓயாமல் கேட்டிருந்தாள். காதைக் கிழிக்கும் கிதார், உச்சத்தில் அலறும் குரல். பிறகு பியானோ நுழைந்தது, வேகம் குறைந்தது. "கெழடு தட்டிருச்சு" என்று அவள் கேட்பதையே விட்டுவிட்டாள்.

பிப்ரவரியில் அவர்கள் ஆக்லாந்துக்கு வந்தார்கள். யசீகரன் டிக்கெட்டோடு வந்து நின்றார்.

"பாட வேண்டாம், மஹதி. கேக்க மட்டும் வாங்கோ."

ஞாயிறு மதியம், திறந்தவெளிப் புல்வெளி. அறுபத்து மூன்று வயதுப் பாடகர் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டைத் தொடங்கினார். உச்ச வரியை இவர் எப்படி எட்டுவார் என்று மஹதி யோசித்தாள்.

எட்டவேயில்லை. பாட்டின் சுருதியை ஒன்றரைக் கட்டை இறக்கியிருந்தார்கள். உச்ச வரி வந்ததும் அவர் வாயை மூடிக்கொண்டார். கிதார் அதை மெதுவாகப் பாடியது. அடுத்த வரியை அவர் அடிக்குரலில், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல எடுத்தார். இருபது வருடமாகத் தெரிந்த பாட்டில் இத்தனை துக்கம் இருந்தது அன்றுதான் அவளுக்குக் கேட்டது.

"எப்ப இப்படி மாறினாங்க?" என்று யசீகரனிடம் கேட்டாள்.

"டிரம்ஸ்காரருக்குக் கை முறிஞ்சு ஒரு வருஷம் வாசிக்கேலாமப் போச்சு. அப்பதான் பியானோ வந்தது. பிறகு பாடகருக்குத் தொண்டை. ஒவ்வொரு தடவையும் இருக்கிறதை வச்சுப் புதுசா செய்தவை."

அந்த வாரம் முழுவதும், மோட்டர்வே நெரிசலில், தான் ஒதுக்கிய ஆல்பங்களை வரிசையாகக் கேட்டாள். சில நன்றாகவே இல்லை. ஏழாவதைக் கேட்டு அழுதுவிட்டாள்.

சனிக்கிழமை கராஜுக்குப் போய் நின்றாள்.

"யசீ அண்ணா, ஒன்றரைக் கட்டை இறக்கி வாசிங்க. மேல வர்ற வரி உங்க கிதாருக்கு."

"ஓம், பாப்பம்."

முதல் தடவை குரல் கரகரத்து நடுவில் அறுந்தது. இரண்டாம் தடவை யசீகரன் தாளம் தப்பினார். மூன்றாம் தடவை பாட்டு முடியும்வரை யாரும் நிறுத்தவில்லை. தனக்கு இப்படியொரு அடிக்குரல் இருப்பது மஹதிக்கே புதிதாக இருந்தது.

"இன்னொருக்கா?" என்றார் யசீகரன்.

"இது போதும். ஏழாவது ஆல்பத்துல ஒண்ணு இருக்கு, அதை எடுப்போம்," என்றாள் அவள்.