பச்சைக் கட்டம்

வெண்ணிலா என் ஸ்டூடியோவுக்குள் வரும்போது ஒரு கையில் சௌசௌ நிறைந்த பையும் மறு கையில் போனும் வைத்திருந்தாள். நான் ஏரிக்கரையில் படம் எடுத்துக்கொண்ட ஒரு புது ஜோடிக்கு லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தேன். பையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இவளுக்கு என்னிடம் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது. சும்மா வருகிற நாளில் வெறுங்கையோடுதான் வருவாள். என் கொழுந்தன் ஜீவானந்தத்தின் மனைவி. கல்யாணமாகி வந்து ஒன்பது வருஷமாகிறது. இந்த ஒன்பது வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவளிடம் எனக்குப் பிடிக்காத விஷயங்களில் அதுவும் ஒன்று.

"வாழவந்தி மாரியம்மன் நோம்பிக்கு லைவ் போடச் சொல்லிட்டாங்க்கா. கேமரா ஒண்ணு வாங்கோணும். உங்களைக் கேக்காம வாங்குனா தப்பாப் போயிருமுங்க."

"யாரைப் போடச் சொன்னாங்க?"

"என்னையத்தானுங்க."

லேமினேஷன் மெஷினிலிருந்து ஜோடியின் படம் சுருக்கத்தோடு வெளியே வந்தது. மறுபடியும் பிரிண்ட் போட வேண்டும். நான் அதைப் பார்க்காத மாதிரி ஓரமாக வைத்தேன். வாழவந்திக் கோயில் தர்மகர்த்தா மாதேஸ்வரனிடம் அந்தத் திருவிழாவை எனக்குக் கொடுக்கச் சொல்லி மூன்று வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் "பாக்கலாமுங்க" என்பார். எங்கள் மலையில் முதன்முதலாகக் கேமராவிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் இழுத்து, கல்யாணத்தை அப்படியே யூடியூப்பில் ஓடவிட்டவள் நான். திருப்பூரிலும் பெங்களூரிலும் வேலைக்குப் போயிருக்கிற எங்கள் சனமெல்லாம் என் லைவில்தான் மொய் வைத்தவர்களின் முகத்தைப் பார்த்தது. இவள் என்ன செய்தாள்? போனைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு காதுகுத்தைக் காட்டினாள். படம் ஆடும். சத்தம் இரையும். ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாம் "வெண்ணிலா அக்கா, பாட்டியைக் காட்டுங்க", "எங்கம்மா சாப்புட்டாங்களா பாருங்க" என்று எழுதுவார்கள், இவளும் போய்க் காட்டுவாள். என் லைவில் யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. வாழவந்தி அவள் பிறந்த ஊர் என்பதால் கொடுத்திருப்பார்கள் என்று மனசைத் தேற்றிப் பார்த்தேன். வயிறு எரிந்ததுதான் மிச்சம். வாழவந்தி நோம்பி யார் கைக்குப் போகிறதோ, அடுத்து வருகிற முகூர்த்தமெல்லாம் அவர்கள் கைக்குத்தான் போகும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவள் போனில் நாலு கேமராவின் படத்தைக் காட்டினாள். மூன்றாவது படத்தில் என் கண் நின்றது. கறுப்பு உடம்பு, கைப்பிடியில் சிவப்புக் கோடு. சேலத்தில் ஒரு கடையில் பழசாக விற்பனைக்கு இருக்கிறதாம். அந்த மாடலை நான் ஐந்தாறு மாசம் வைத்திருந்தேன். வெண்ணிலா அப்போது பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்ததால் பார்த்ததில்லை. படம் கண்ணாடி மாதிரி எடுக்கும். அதற்கு ஒரே ஒரு வியாதி. கம்ப்யூட்டருக்கு ஒயர் போட்டால் படம் மட்டும் போகாது. கேமராவின் சின்னத் திரையில் தெரிகிற பேட்டரிக் குறி, நம்பர்கள், முகத்தைத் தேடி அலைந்து ஒரு முகத்தில் நிலைத்ததும் பச்சையாகிற கட்டம், அத்தனையும் சேர்ந்து போகும். அதையெல்லாம் எடுப்பதற்கு வழியே கிடையாது. கிளியூரில் ஒரு கல்யாணத்தன்றைக்குத்தான் அது எனக்குத் தெரிந்தது. தாலி கட்டுகிற நேரத்தில் பெண்ணின் கழுத்துக்கு நேராக நம்பர்கள் ஓடின. பெண்ணின் மாமா சிங்கப்பூரிலிருந்து போன் போட்டு, "அதென்னம்மா, எங்க பொண்ணு மேல விலை எழுதியிருக்குது?" என்றார். அன்றைக்கு நான் பட்ட அவமானத்தை என் புருஷனிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. அடுத்த மாசமே கேமராவை விற்றுத் தள்ளிவிட்டேன்.

"இது எப்படிங்க்கா? ஃபோர் கே-ன்னு போட்டிருக்குது. கம்ப்யூட்டருக்குப் படம் தெளிவாப் போகுங்களா?"

"தெளிவாப் போகும்" என்றேன்.

பொய் இல்லை. தெளிவாகத்தான் போகும். லென்ஸ் நல்ல லென்ஸ் என்றும் சொன்னேன். பேட்டரி சீக்கிரம் தீரும், கரண்டில் நேராகப் போடுகிற மாதிரி ஒன்று வாங்கிக்கொள் என்றேன். கேமராவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் வைக்கிற கேப்சர் கார்டில் மட்டமானதை வாங்காதே என்றேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், கேட்காத ஒன்றைத் தவிர. அவள் எல்லாவற்றையும் ஒரு நோட்டுத் துண்டில் எழுதிக்கொண்டு, "நீங்க இருக்கறதால தைரியமா இருக்குதுங்க்கா" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள். சௌசௌவை அன்றைக்குச் சமைக்கவில்லை. மறுநாளும் சமைக்கவில்லை.

நோம்பிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. பதினோரு நாளும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, கேமரா வாங்குகிறவள் விசாரித்துத்தானே வாங்க வேண்டும் என்றும் நினைத்தேன். சாப்பிடும்போது என் புருஷன் முருகன் அவருக்கே உரிய வெள்ளந்தித்தனத்தோடு, "தம்பி ஊட்டுல கேமரா வந்துருச்சாம். நீ சொன்ன கேமராதானாம். வெண்ணிலா ஊரெல்லாம் அக்கா சொன்னதுன்னு சொல்லுது" என்றார். இது நான் யோசிக்காத பக்கம். நாளைக்கு அசிங்கப்படும்போதும் அக்கா சொன்னது என்றுதானே சொல்லுவாள்? ஆனால் அவள் அப்படிச் சொல்ல மாட்டாள் என்றும் எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தானே நான் பேசாமல் இருந்தேன்.

நோம்பிக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் போன் வந்தது. கேப்சர் கார்டு அன்றைக்குத்தான் கூரியரில் வந்திருக்கும், ஒயர் போட்டுப் பார்த்திருப்பாள், திரையில் எல்லாம் தெரிந்திருக்கும். மேஜைமேல் போன் நடுங்கிக்கொண்டே நகர்ந்தது. நான் அது நிற்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவையும் அடித்தது. பிறகு அடிக்கவில்லை.

மறுநாள் நான் வாழவந்திக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி முருகனை மட்டும் ஜீப்பில் அனுப்பிவிட்டு, ஸ்டூடியோவின் ஷட்டரைப் பாதி இறக்கி, பெரிய கம்ப்யூட்டரில் அவள் லைவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். படம் வந்தது. மேலே பேட்டரிக் குறி, கீழே நம்பர்கள். கோயில் வாசலில் நிற்கிறவர்களின் முகங்கள்மேல் ஒரு வெள்ளைக் கட்டம் ஈ மாதிரி மாறி மாறி உட்கார்ந்தது. நானூற்றுச் சொச்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஸ்கிரீன்ல என்ன எழுத்துங்க?" என்று ஒருவர் எழுதினார். "கேமரா சரியில்லைங்களா?" என்றார் இன்னொருவர். எனக்கு அப்போது வந்தது சந்தோஷம்தான். வேறு பேர் சொல்லி மழுப்ப விரும்பவில்லை. எழுந்து போய் டீ போட்டு, இரண்டு கரண்டி சர்க்கரை அதிகமாகவே போட்டுக் கொண்டுவந்து உட்கார்ந்தேன்.

வாழவந்தியில் அன்றைக்குப் பூக் கேட்டார்கள். கோயிலுக்குப் புதுசாகத் தேர் செய்யலாமா என்று மூன்று வருஷமாக ஊருக்குள் இரண்டு கட்சி. அதனால் அம்மன் தலைமேல் பூ வைத்துக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். வலது பக்கம் விழுந்தால் உத்தரவு. இடது பக்கம் விழுந்தால் பேச்சை விட்டுவிட வேண்டும். சன்னிதித் திரை விலகியது. சந்தனக் காப்பில் அம்மன் மொழுமொழுவென்று, வெள்ளிக் கண்ணும் சிவந்த உதடுமாக உட்கார்ந்திருந்தாள். பூசாரி காளியண்ணன் பூவை வைத்துவிட்டுக் கேமராவுக்கு முதுகைக் காட்டி ஓரமாக நின்றார். மேளம் நின்றது. அதுவரை அலைந்துகொண்டிருந்த வெள்ளைக் கட்டம் ஒரு தடவை தூண்மேல் போனது, திரும்பி வந்தது, நேராகப் போய் அம்மன் முகத்தில் உட்கார்ந்தது. பச்சையானது. அதே நேரத்தில் வலது பக்கம் பூ விழுந்தது.

டீ டம்ளர் என் கையிலேயே இருந்தது. திரையின் ஓரத்தில் எழுத்துகள் படிக்க முடியாத வேகத்தில் ஓட ஆரம்பித்தன. அம்மா கண்ணு முழிச்சிட்டா. கேமராவுக்கே தெரிஞ்சுருச்சு பாருங்க. பச்சை காட்டிட்டா தாயி, தேர் செய்யுங்கடா. நானூறு இரண்டாயிரமானது, ஏழாயிரமானது. யாரோ அந்தக் கொஞ்ச நேரத்தை மட்டும் வெட்டி அனுப்ப, சாயங்காலத்துக்குள் எனக்கே பதினான்கு பேர் அனுப்பிவிட்டார்கள். முருகன் திரும்பி வந்து, கண்ணெல்லாம் கலங்கி, "நீ வந்திருக்கோணும் புஷ்பா. நீ சொன்ன கேமரா புள்ள" என்றார். ஐயோ என்றிருந்தது எனக்கு.

மூன்றாம் நாள் மாதேஸ்வரனே ஸ்டூடியோ தேடி வந்தார். மூன்று வருஷமாக என் வாசலை மிதிக்காத மனுஷன். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

"கிளியூர் கோயில்ல போன வருசம் நீங்க எடுத்தீங்களே, அதுல கட்டமே வரலீங்களே, ஏனுங்க?"

"அது கேமராவுல இருக்கற குறைங்க. மூஞ்சியைக் கண்டா கட்டம் போடும். எந்த மூஞ்சியைக் காட்டுனாலும் போடும். நல்ல கேமராவுல அது வெளிய போகாதுங்க."

"கல்லுக்கு மூஞ்சி இருக்குதுன்னு கேமராவுக்கு யாருங்க சொன்னது?" என்றார்.

என்னிடம் அதற்குப் பதில் இருந்தது. சந்தனம், வெள்ளிக் கண், வெளிச்சம், எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். சொன்னால் அடுத்த கேள்வி, இவ்வளவு தெரிஞ்சவங்க வெண்ணிலாகிட்ட ஏன் சொல்லலை என்பதாக இருக்கும். போட்ட நாற்காலியை மறுபடியும் சுவரோரமாக நகர்த்தி வைத்தேன். அவர் போகும்போது, தேர் வெள்ளோட்டத்துக்கும் வெண்ணிலாதான் என்றும், மாரமங்கலத்துக் கோயிலுக்கும் அவளையே கேட்டிருக்கிறார்கள் என்றும், பொறாமைப்படாத ஓரகத்தி கிடைப்பதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் சொன்னதை அவர் மனசாரத்தான் சொன்னார். அன்று முழுக்க அது என்னைக் குடைந்தது.

வெண்ணிலா வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தாள். வெளியே பனி ஏறிக்கொண்டிருந்தது, ரோட்டில் பஸ்கள் விளக்குப் போட்டுக்கொண்டு போயின. பொங்கல் தூக்கு ஒன்றும் கேமராப் பையும் கொண்டுவந்திருந்தாள். தூக்கை மேஜைமேல் வைத்துவிட்டு, எலுமிச்சம்பழம் ஒன்றை என் கையில் கொடுத்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, என் கம்ப்யூட்டருக்கு ஒயரைக் கொடுத்தாள். பழகிய கை மாதிரி இருந்தது. பதினெட்டு நாளில் இவ்வளவு கற்றுக்கொண்டிருக்கிறாளே என்று அப்போதும் எனக்குச் சுருக்கென்றது.

"இந்த எழுத்தையெல்லாம் எடுக்கறதுக்கு வழி இருக்குங்களாக்கா?"

"இல்லை" என்றேன். மெனுவைக்கூடத் திறந்து பார்க்காமல் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது.

அவள் தலையை ஆட்டினாள். கேமராவின் பின்னால் குனிந்து எதையோ திருகினாள். முகம் தெரியவில்லை, குரல் மட்டும் எப்போதும் போலவே தணிவாக வந்தது.

"நோம்பிக்கு முந்தின நாள் நைட்டெல்லாம் உக்காந்து தேடுனனுங்க. யாராச்சும் இதுல லைவ் போட்டிருக்காங்களான்னு. உங்க பேஜ்ல கிளியூர்க் கல்யாணம் ஒண்ணு இன்னும் அப்படியே கெடக்குதுங்க்கா. அதே பேட்டரி, அதே நம்பரு."

எலுமிச்சம்பழம் என் கையில் சூடாகியிருந்தது. மறந்துபோயிற்று என்று சொல்லலாம். நீ கேட்கவில்லையே என்று சொல்லலாம். பொறாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். இரண்டு தடவை அடித்து நின்ற போன்தான் ஞாபகத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"முருகன் மாமாகிட்டயும் சொல்லலீங்க. ஆருகிட்டயும் சொல்லலீங்க" என்றாள். "மாரமங்கலத்துல ரெண்டு கேமரா வேணும்ங்கறாங்க. நீங்க வந்தா நல்லா இருக்கும்."

கம்ப்யூட்டர் திரையில் படம் வந்தது. என் ஸ்டூடியோ, பின்னால் நீலத் துணி, நடுவில் நான். வெள்ளைக் கட்டம் காலண்டர்மேல் ஒரு நொடி நின்று, அங்கிருந்து நகர்ந்து என் முகத்தில் உட்கார்ந்தது. நான் தலையைச் சாய்த்தேன். கட்டமும் சாய்ந்து வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பினேன், கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு கூடவே திரும்பியது. பிரிண்டருக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து பார்த்தேன். அங்கேயும் வந்துவிட்டது.

"நேராப் பாருங்க்கா" என்றாள் கேமராவுக்குப் பின்னாலிருந்து.

பார்த்தேன். கட்டம் பச்சையானது.