ராம்ப் இல்லாத பெஞ்ச்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவருக்கு நான் போன் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன்.

போன் செய்யக் கூடாது என்றதும் புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். சண்டையாக இருந்தால் எவ்வளவோ தேவலை. அவர் செஞ்சிப் பக்கத்தில் ஒரு பாறைக் குன்றின் பாதி உயரத்தில், விளிம்பு ஒன்றில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். ஒரு ஆள் முதுகை ஒட்டி நிற்கத்தான் அங்கே இடம். முன்னாலும் போக முடியாது, வந்த வழியும் இல்லை. தீயணைப்புக்காரர்கள் கயிற்றோடு வந்துகொண்டிருக்கிறார்கள். கீழேயிருந்து பார்த்தால் அவர் தெரிவதில்லை. அவர்கள் வந்து சேர்ந்ததும், தான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று அவர்தான் போனில் சொல்ல வேண்டும். அந்தப் போனில் சார்ஜ் தீரப் போகிறது. 'எப்படிங்க இருக்கீங்க' என்று நான் ஒரு தடவை கேட்டால் அதில் ஒரு துண்டு போய்விடும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. கதைக்குள் இப்படி நேராகச் சொல்லக் கூடாது என்பார்கள். சொல்லிவிட்டேன்.

2

தொடக்கங்கள் சில வைத்துப் பார்த்தேன்.

'யுகயுகமாய் மௌனத் தவம் புரியும் பாறைகளின்' (சே. இதைப் படித்தால் அவர் அங்கே நின்றபடியே சிரிப்பார். சிரித்தால் ஆடுவார். வேண்டாம்.)

'செஞ்சி நெருங்க நெருங்க, லாரி லாரியாகக் கொட்டிவிட்டுப் போனதுபோல் சாலையின் இரு பக்கமும் பாறைக் குவியல்கள்' (உண்மைதான். ஆனால் நான் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.)

'மருதாசலம் மலை ஏறுகிற ஆள் இல்லை.'

இந்த மூன்றாவது இன்று எழுதியது அல்ல. ஒரு பத்திரிகை பயணச் சிறப்பிதழ் போடுவதாகச் சொல்லி, மலையும் பாறையும் சாகசமுமாக ஒரு கதை கேட்டிருந்தது. போன மாதம் எழுதிக் கொடுத்தேன். மருதாசலம் அதன் நாயகன். நெய்வேலிக்காரி*யிடம் மலைக்கதை கேட்டவர்களுக்குப் புத்தி இல்லை என்றால், சரி என்று சொன்ன எனக்கு அதற்கும் குறைவு.

(* வெளியூர்க்காரர்களுக்காக: எங்கள் ஊரில் மலை கிடையாது. நிலக்கரிக்காகத் தோண்டிய மண்ணை மலைபோல் கொட்டி வைத்திருக்கிறார்கள். மேலே மரமும் வளர்ந்துவிட்டது. விருந்தாளிகள் வந்தால் பைக்கைத் தூரத்தில் நிறுத்தி அதைத்தான் காட்டுவோம். 'மலை' என்று எங்கள் பிள்ளைகள் படம் வரைந்தால் உச்சி தட்டையாக இருக்கும்.)

3

மருதாசலத்தை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. வங்கி குமாஸ்தா. மச்சானோடு குன்றுக்குப் போகிறான். படியை விட்டுவிட்டு, படம் எடுக்கிறேன் என்று பாறை விளிம்பில் நடக்கிறான். ஏன் நடக்கிறான்? எனக்குத் தெரியாது. கதைக்கு ஆபத்து தேவைப்பட்டது, நடக்கவிட்டேன். முதல் வரைவு இப்படி நின்றது:

'விளிம்பு அங்கே முடிந்துவிட்டது. எதிரில் காற்றுதான். மருதாசலம் திரும்பிப் பார்த்தான். வந்த வழி'

அவ்வளவுதான். அவனை இறக்கும் வழி எனக்குத் தெரியவில்லை. அடுப்பில் குக்கர் கத்தியது, எழுந்து போய்விட்டேன்.

அன்று சர்ச்சில் பூசை முடிந்து வந்து, ஆனந்த்ராஜ் அந்தத் தாளை எடுத்துப் படித்தார். ஆனந்த்ராஜ் என் கணவர். சுரங்கத்தில் புல்டோசர் ஓட்டுகிறார், பர்மனென்ட். சுரங்கத்தைப் படிப்படியாக வெட்டிக்கொண்டுதான் கீழே போவார்கள். ஒவ்வொரு படியும் ஒரு ரோடு அகலம், அதற்குப் பெயர் பெஞ்ச். ஒரு பெஞ்சிலிருந்து இன்னொன்றுக்கு வண்டி இறங்கச் சரிவாக ஒரு பாதை இருக்கும், அது ராம்ப். உள்ளே எங்கே வழி தெரியாமல் போனாலும் பெஞ்சைப் பிடித்து நடந்தால் ராம்ப் வந்தே தீரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது இது. வீட்டில் சாவி தொலைந்தால்கூட, 'பெஞ்ச் புடிச்சுப் போ, ராம்ப் வரும்' என்பார்.

"என்னா ஆனி, பெஞ்சு மேல நின்னுகிட்டு எதுக்கு முழிக்கிறான் இவன்? நேரா நடந்தா ராம்ப் வரப்போவுது."

"அது பாறைங்க. பெஞ்ச் இல்ல."

"பாறைன்னா மட்டும்? தண்ணி எறங்க வழி இருக்கு, ஆடு எறங்க வழி இருக்கு. ஆள் எறங்க இல்லாமலா போயிடும்? படிக்கிறவன் சிரிப்பான்."

கோபத்தில் அன்று ரசத்துக்கு உப்புப் போடவில்லை. அதற்கும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், அது இன்னும் கோபம். ஆனாலும் சரிவையும் மேட்டையும் நாள் முழுக்கப் பார்க்கிறவர் சொல்கிறாரே என்று மாற்றி எழுதினேன். விளிம்பு வளைகிறது, சரிவு ஒன்று வருகிறது, மருதாசலம் விசிலடித்துக்கொண்டு இறங்கிப் போகிறான். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடித்துவிட்டது.

4

இன்று அவருக்கு வார லீவு. கூடவே வேலை பார்க்கும் கலியமூர்த்தி, குள்ளஞ்சாவடிக்காரர், ஒரு வேன் பேசி ஆட்களைச் சேர்த்திருந்தார். ஆனந்த்ராஜுக்குப் புது ஷூ, தொப்பி, கழுத்தில் ஒரு துண்டு. 'உனக்குப் பாறை படம் புடிச்சுகிட்டு வரேன், அடுத்த கதைக்கு ஆவும்' என்று சொல்லிவிட்டுப் போனார். காலை முழுக்கப் படங்களாக வந்தன. ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்த பாறைகள். இப்போதோ இன்னும் கொஞ்ச நேரத்திலோ உருண்டுவிடும் என்று தோன்றும் ஒரு குண்டுப்பாறையைக் கையால் தாங்குவதுபோல் ஒரு படம். பிறகு படம் வருவது நின்றது. நான் துணி காயப்போடப் போய்விட்டேன்.

அப்புறம் கலியமூர்த்தி கூப்பிட்டார்.

"அண்ணி, ஒன்னும் பயப்படாதீங்க."

(இப்படி ஆரம்பிக்கும் பேச்சு எதுவும் நல்லபடியாகப் போனதில்லை.)

"உச்சிக்குப் போயிட்டு எறங்கிகினு இருந்தோம். படியில ஒரே கூட்டம். அண்ணன் பக்கத்துல ஒரு விளிம்பைப் பாத்துட்டு, 'நீங்க படியில வாங்கடா, நான் பெஞ்ச் புடிச்சு ராம்ப்ல எறங்கி உங்களுக்கு முன்னாடி நிக்கிறேன்'னாரு. சிரிச்சுகினுதான் போனாரு, அண்ணி."

"அப்புறம்?"

"ராம்ப் இல்ல. முடியிற எடத்துல நேரா பள்ளம். சரி திரும்பலாம்னா, போவும்போது கால் வச்ச பாறைச் செதில் பேந்து கீழ வுழுந்துட்டுது. நடுவுல தாண்ட முடியாத எடைவெளி. போன் போட்டு அவரே சொன்னாரு."

"நான் பேசட்டுமா அவர்கிட்ட?"

"வேணாங்க அண்ணி. படம் புடிச்சுப் புடிச்சே சார்ஜ் காலி. கயிறு வந்துகினு இருக்குது. அவங்க வந்தா எந்தப் பக்கம்னு அண்ணன் சொல்லணுமில்ல. நாங்க கத்துனா எங்க சத்தமே நாலு பக்கமும் திரும்பி வருது."

மண் சொல்லாமல் கொள்ளாமல் பெயர்ந்து விழாது என்று என் கணவர் அடிக்கடி சொல்வார். சரியப்போகும் மண் முன்னாலேயே கீறல் விட்டுக் காட்டுமாம். பாறையைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

5

பக்கத்து வீட்டுச் சந்திரா வந்து தரையில் உட்கார்ந்திருக்கிறாள். நெல்லிக்குப்பத்துக்காரி. வடலூர் சபைக்கு ஒரு மூட்டை அரிசி தருவதாக வேண்டிக்கொண்டு வந்தாளாம். எங்கள் வீட்டு மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றியதும் அவள்தான். நான் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"என்னா எழுதிகினு இருக்க நீ?"

"முடிவு."

முடிவு ஒன்று: கயிறு வருகிறது. பொழுது சாய்வதற்குள் இறக்கிவிடுகிறார்கள். வேன் எங்கள் பிளாக் முனையில் திரும்புகிறது. முழங்கையில் சட்டை கிழிந்திருக்கிறது. 'வெந்நீர் போடு' என்கிறார். நான் ஒன்றும் கேட்காமல் போடுகிறேன். சண்டையை நாளைக்கு என்று எடுத்துவைக்கிறேன். (எனக்கு இதுதான் வேண்டும். அதனாலேயே இதை நம்ப முடியவில்லை. ஆசைப்பட்டு எழுதிய பக்கங்களை வழக்கமாகக் கிழித்துவிடுவேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.)

முடிவு இரண்டு: இடைவெளியை அவரே தாண்டிவிடுகிறார். (இல்லை. மாடிப்படியில் இரண்டு படியாக ஏறினாலே மூச்சு வாங்குகிறவர். தாண்டுகிற ஆள் மருதாசலமாக இருந்தால் ஒருவேளை.)

முடிவு மூன்று: 'அவருடைய கால்'

சந்திரா எட்டிப் பார்த்து, தாளின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திவிட்டாள்.

"அத எழுதாத."

"கதைதான், சந்திரா."

"அந்தக் கதையில ராம்ப் வச்சதும் நீதான?"

"அவருதான் வைக்கச் சொன்னாரு."

"சொன்னா வச்சிடுவியா? அதுவரைக்கும் அது சும்மா வாய்ப்பேச்சு. நீ எழுதி, பத்திரிகைக்காரங்க நல்லாருக்குன்னு சொன்னப்புறம் அவரு என்னா நெனப்பாரு?"

எழுத்தாளரின் பொறுப்பு என்ற தலைப்பில் ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறேன். பொன்னாடைகூடப் போட்டார்கள். அங்கே இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை.

6

இதுவரை எழுதியபோது போன் அடித்தது. திரையில் அவர் பெயர்.

எடுக்காமல் விட்டால் சார்ஜ் மிஞ்சும். எடுத்துவிட்டேன்.

"ஆனி." குரலுக்குப் பின்னால் காற்று. "ரொம்பப் பேச முடியாது."

"பேசாதீங்க. வச்சிடுங்க. கயிறு வருது."

"தெரியும். காலு நடுங்குது, ஆனி. நிறுத்த முடியல. ஒன்னு கேக்கணும்." மூச்சு வாங்கினார். "மொதல்ல எழுதுனியே, ராம்ப் இல்லாம. அதுல அவன் எப்படி எறங்குனான்? நான் பாதியில சிரிச்சுட்டு வச்சிட்டேன்."

பாதியில் வைக்கவில்லை. அது அவ்வளவுதான் இருந்தது. 'வந்த வழி' என்பதற்குப் பிறகு வெள்ளைத் தாள். இதை எப்படிச் சொல்வேன்? சந்திரா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் எறங்கலைங்க," என்றேன். "குந்திட்டான்."

"குந்த எடம் ஏது?"

"இருந்துச்சு. முதுகப் பாறையோட ஒட்டி வச்சிகிட்டு, அப்படியே மெதுவா சரிஞ்சு, குதிகால மடக்கி... அவசரப்படல அவன். மூச்ச வெளிய விட்டுகிட்டே எறங்கினான்."

துணி பாறையில் உரசும் சத்தம் கேட்டது. சிறு கற்கள் விழுந்தன. விழுந்த இடத்துச் சத்தம் வரவேயில்லை. நான் எதையும் சொல்லாமல் காத்திருந்தேன். கதை சொல்கிறவள் நிறுத்த வேண்டிய இடம் அதுதானா என்றும் தெரியவில்லை.

"குந்திட்டேன்," என்றார்.

"ஆங். அவனும் குந்திட்டான்."

"அப்புறம்?"

"கீழ பாக்கல. எதுத்தாப்புல இருக்கிற குன்றையே பாத்துகிட்டு இருந்தான். துண்ட எடுத்துத் தலையில போட்டுக்கிட்டான், வெயிலுக்கு. கொஞ்சத்துக்கு ஒரு வாட்டி கூப்பாடு போட்டான். போன் இல்லன்னாலும் அந்தச் சத்தத்த வச்சே தேடிகிட்டு வந்தாங்க."

"அவன்கிட்டயும் சார்ஜ் இல்லையா?"

"இல்லங்க."

"சரி. அப்புறம் யாரு மொதல்ல பாத்தா?"

"மேலேர்ந்து ஒருத்தர் எட்டி"

கட்டாகிவிட்டது. திரும்ப அடித்தேன், இனிக் கூடாது என்று என்ன இருக்கிறது. ஸ்விட்ச் ஆஃப் என்றது அந்தப் பெண் குரல்.

7

கயிற்றுக்காரர்களுக்கென்று வைத்திருந்த சார்ஜை அவர் ஒரு முடிவு கேட்கச் செலவழித்துவிட்டார். என்னிடம் இல்லாத முடிவு. கலியமூர்த்தியைக் கூப்பிட்டுச் சொன்னேன். 'வண்டி அடிவாரத்துக்கு வந்துட்டுது அண்ணி, ஏற ஆரம்பிச்சுட்டாங்க, அண்ணன் சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு பாக்குறாங்க' என்றார். சந்திரா என் தோளைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், வலிக்கிறது. விடச் சொல்லவில்லை.

பத்திரிகையில் வரப்போகும் கதையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுத வேண்டும். அது அப்புறம்.

இப்போது அவர் அங்கே, உயிர் பிழைத்த ஒருவன் செய்ததைத்தான் தானும் செய்கிறோம் என்ற நம்பிக்கையில் குந்தியிருக்கிறார். அப்படி ஒருவன் கதையில்கூட இல்லை. அது எனக்கும் சந்திராவுக்கும் உங்களுக்கும்தான் தெரியும்.

மேலேயிருந்து எட்டிப் பார்ப்பது யார் என்று என்னால் சொல்ல முடியாது. முயன்றேன். ஒரு முகம்கூட வரவில்லை. முடிவை உங்களிடம் தருகிறேன். மீசை வைத்தவரோ வைக்காதவரோ, யாரை வேண்டுமானாலும் அனுப்புங்கள், கயிறு எந்த நிறத்திலும் இருக்கட்டும். சீக்கிரம் அனுப்புங்கள். அவர்கள் அவருடைய கையைப் பிடிக்கும்வரை அவரை மட்டும் எழுந்து நிற்கவிடாதீர்கள்.