பெயரைத் தானே கேட்டு வாங்கும் போன்

என் வேலை கேபிளைச் செருகிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான். புது இன்டர்நெட் போன் நெட்வொர்க்கில் சேர்ந்ததும் தன் நம்பரையும் பெயரையும் தானே சர்வரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். அதிலிருந்து கூப்பிட்டால் எடுப்பவர் திரையிலும் அந்தப் பெயர்தான் தெரியும். "இதுக்கா ஃபெமினா உனக்குச் சம்பளம்?" என்று வீட்டில் கிண்டல். சம்பளமே மற்றவர்கள் செய்துவைக்கும் குளறுபடியைச் சரிசெய்யத்தான்.

அன்றைக்குக் கணபதி ஏரியாவில் பம்ப் வார்க்கும் ஒரு ஃபவுண்டரி. கடைசி போன் கீதாவின் மேசைக்கு. அவள் புருஷன் அங்கே ஃபிட்டர். போன மாதம் மணல் கலக்கும் மிக்ஸருக்குள் ரிப்பேருக்கு இறங்கியபோது அது ஓடத் தொடங்கியதால் இறந்துபோனார். மெயின்டனன்ஸில் அவர் உட்கார்ந்த மேசையையே இவளுக்குக் கொடுத்து, கிளார்க் வேலை போட்டிருந்தார்கள்.

"யாருகிட்டயும் சொல்லாம எறங்கிட்டாருன்னு ஆபீசுல ரிப்போர்ட் எழுதிப்போட்டாங்க. அப்படி எறங்கற ஆளே இல்லீங்க அவரு" என்றாள், நான் கேட்காமலே.

போனுக்கு உயிர் வந்தது. திரையில் 'தனபால்' என்று எழுந்தது.

அது அவள் புருஷன் பெயர். ஆபீஸில் எவனோ அதைச் சர்வரில் அப்படியே விட்டுவைத்திருக்கிறான். கையில் கிடைத்தால் அறைந்திருப்பேன். கீதா கண்ணெடுக்காமல் திரையையே பார்த்தாள். அவசரமாக லேப்டாப்பில் பெயரை மாற்றி, போனை அணைத்து மறுபடி போட்டேன். இப்போது 'கீதா' என்று வந்தது.

"யாரையாச்சும் கூப்பிட்டுப் பாருங்க" என்று ஸ்பீக்கரைப் போட்டுவிட்டேன்.

மிக்ஸர் ஷெட் என்ற பட்டனை அமுக்கினாள். சூப்பர்வைசர் அரங்கசாமி இருக்கும் இடம். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தார். மூச்சு மட்டும் கேட்டது. இவள் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசினார்.

"தனபாலு... கண்ணு... நீ சொல்லிட்டுத்தான் எறங்குனே. நாந்தான் மறந்து சுவிட்சப் போட்டுப்போட்டேன். என்னைய உட்டுரு சாமி."

போன் வைக்கப்பட்டது. லேப்டாப்பில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவர் போனுக்குப் போன பெயர் கீதாதான். அந்த மனுஷன் கண்ணுக்கு வேறு பெயர் எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது.

"சொல்லிட்டுத்தான் எறங்கியிருக்காரு" என்று கீதா அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க மேடம், இதுல பழைய பேரையே மறுபடியும் போட முடியுங்களா?"

"எதுக்குங்க?"

"இத நான் போய்ச் சொன்னா ஆபீசுல நம்ப மாட்டாங்க. அரங்கசாமியே வந்து எல்லாரு முன்னாலயும் சொல்லோணும். அதுவரைக்கும் தினமும் கூப்பிடறனுங்க."

செய்யக் கூடாத வேலை. பயமாகவும் இருந்தது. ஆனாலும் செய்தேன். அணைத்துப் போட்டதும் போன் சர்வரிடம் கேட்டு, பெயரை வாங்கிக்கொண்டது. தனபால்.

கீதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மிக்ஸர் ஷெட் பட்டனை அமுக்கினாள்.