ஐந்தாம் நாள் தட்டு

மருத்துவமனை ஆய்வகத்தில் நுட்பர் கொபுசிங்கே காதிலிருந்து சீழ் மாதிரி எடுக்கும்போது ருஹிந்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ம்பராராவிலிருந்து இபாண்டா போகும் வேனில் அவன் நடத்துனர். இரண்டு வருடமாக இடது காது ஒழுகுகிறது.

“நாத்தம் தாங்காம எல்லாரும் ஜன்னலத் தொறந்துடுறாங்க நியாபோ. ‘செத்த எலிய எங்கடா ஒளிச்சு வச்சிருக்க?’ன்னு கேக்குறாங்க.” அம்மா என்பதை அவர்கள் பக்கம் ‘நியாபோ’ என்பார்கள்.

“மருந்து விட்டீங்களா?”

“பதினோரு பாட்டில் ஆச்சு. விட்டா பத்து நாள் நிக்கும். அப்புறம் அரிப்பெடுத்து மறுபடி ஒழுகும்.”

அரிப்பு என்றது அவளை உறுத்தியது. காதில் பூஞ்சை பிடித்தாலும் அரிக்கும்.

இதற்கு முன் மூன்று முறை அவன் மாதிரி வந்திருந்தது. மூன்று முறையும் அதே பாக்டீரியா, கிருமி வளர்க்கும் தட்டையே பச்சையாக்கும் சூடோமோனாஸ். மூன்று முறையும் அதே சொட்டு மருந்து. இரண்டாம் நாள் முடிவை எழுதிவிட்டுத் தட்டைக் கழித்துவிடுவதுதான் வழக்கம். இந்த முறை பூஞ்சை வளரும் இன்னொரு தட்டிலும் மாதிரியைத் தேய்த்து, மூடியில் ‘தொடாதே’ என்று எழுதி அலமாரியில் வைத்தாள்.

மூன்று நாள் ஒன்றுமில்லை. நான்காம் நாள் வெள்ளைப் பஞ்சு. ஐந்தாம் நாள் அதன்மேல் மிளகுப்பொடி தூவினாற்போல் கறுத்திருந்தது.

காது மருத்துவர் கட்டேரா பார்த்துவிட்டுச் சிரித்தார். “காத்துல வந்து ஒட்டினதும்மா. உங்க ஜன்னலச் சாத்தி வைங்க.”

அவள் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் விடவில்லை. “மறுபடி எடுக்கிறேன் டாக்டர். பக்கத்துலயே எதுவும் தேய்க்காத தட்டு ஒண்ணும் வைக்கிறேன். அதுலயும் வந்தா காத்து. வரலைன்னா காது.”

ருஹிந்தா முணுமுணுத்துக்கொண்டே ஒருநாள் வேலையை விட்டு வந்தான். ஐந்து நாள் கழித்து, வெறும் தட்டு சுத்தமாக இருந்தது. அவனுடையது கறுத்திருந்தது.

கட்டேரா தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பாக்டீரியாவ மட்டுமே அடிச்சுக்கிட்டு இருந்திருக்கோம். அந்த எடத்துல இது சுகமா குடியேறிடுச்சு.”

அவரே உறிஞ்சுகுழாயால் காதைச் சுத்தம் செய்தார். பழைய மருந்தை நிறுத்தி, பூஞ்சைக்கு ஒன்று, பிறகு பாக்டீரியாவுக்கு வேறொன்று கொடுத்தார். குளிக்கும்போது காதில் வாசலின் தடவிய பஞ்சு வைக்கச் சொன்னார்.

ஆறு வாரத்தில் காது காய்ந்தது. செவிப்பறையில் சீழ் துளைத்திருந்த ஓட்டை அப்படியேதான் இருந்தது. அந்தக் காதில் பாதிதான் கேட்டது. அறுவை சிகிச்சைக்குக் கம்பாலாவில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறான்.

திரும்பத் திரும்ப வரும் காது மாதிரிகளை ஐந்து நாள் வைத்துப் பார்க்கும்படி அந்த மாதமே கட்டேரா ஆய்வகத்துக்கு எழுதிக் கொடுத்தார். முதல் பன்னிரண்டில் மூன்று கறுத்தன. அலமாரியில் இடம் போதவில்லை என்று கொபுசிங்கே இன்னொன்று கேட்டிருக்கிறாள்.